எட்டு எம்.எம். ஆங்கிலம்

மலைப்பாதை வழிகாட்டி அனுமதி கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால், முப்பது நாட்களுக்குள் உண்டு என்றோ இல்லை என்றோ பதில் சொல்லிவிட வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. விதியை எழுதியவர், எட்டு எம்.எம். என்று ஊர் கூப்பிடுகிற மனிதரைச் சந்தித்ததில்லை. சந்தித்திருந்தால் விதி எழுதியிருக்க மாட்டார். விருப்ப ஓய்வு வாங்கியிருப்பார்.

ஆங்கிலத்தைச் சல்லடையில் போட்டுச் சலித்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கிட்டங்கியில் பாதி ஆயுளைக் கழித்தவர். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் தங்குகிற காய்தான் அவருக்குக் காய். கீழே விழுவதெல்லாம் பொடிசு. முதுகு பழுதாகி, கிட்டங்கி வேலையை விட்டுவிட்டுக் குரங்கணியில் சுற்றுலாக்காரர்களை மலையேற்றக் கிளம்பியபோது, பழைய சல்லடையை மறக்காமல் கூடவே கொண்டுபோனார்.

"சொல்லுன்னா வாய்க்குள்ள நின்னு உருளணும் சார். அது எட்டு எம்.எம். பல்லிடுக்குல விழுந்துட்டாப் பொடிசு. அதை வச்சு என்ன சோலி பாக்க?"

ஏலத்தில் வியாபாரிகள் சாம்பிள் காயை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் அப்படியே தரையில் தட்டிவிடுவார்கள். எட்டு எம்.எம். சொற்களையும் அப்படித்தான் வாங்கினார். பயணி வாயிலிருந்து ‘கம்’, ‘கோ’, ‘சிட்’ என்று ஏதாவது விழுந்தால் உள்ளங்கையை ஒரு பார்வை பார்த்து, கீழே தட்டிவிடுவார். ‘அக்காமடேஷன்’ வந்தால் கையை மூடிக்கொள்வார்.

இப்படிச் சேர்த்த சரக்கை அவர் விற்ற விதம்தான் கொடுமை. பெங்களூர்ப் பெண் ஒருத்தி கழிப்பறை எங்கே என்று கேட்டாள். எட்டு எம்.எம். மலை முழுவதையும் கையால் சுற்றிக் காட்டி, "பனோரமிக், மேடம்!" என்றார். மழை விட்ட ஒரு நாள் அட்டைப்பூச்சி ஒட்டிய காலோடு அலறிய ஒருவரிடம், "காம்ப்ளிமென்ட்டரி, சார்" என்று ஆறுதல் சொன்னார். அட்டைக்கு யாரும் காசு வாங்குவதில்லை என்பதால் அதில் பிழை காண என்னால் முடியவில்லை.

பிறகுதான் வனத்துறையின் அந்த உத்தரவு வந்தது. அனுமதி கார்டு இல்லாத வழிகாட்டி சோதனைச் சாவடியைத் தாண்டக் கூடாது. கிட்டங்கியும் போய் மலையும் போனால் மனிதர் எதைத் தின்பார்? நேரே என் வீட்டுக்கு வந்தார். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மனுவுக்கு எத்தனை இணைப்பு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மனு சுலபம். கூடவே செயல்முறைத் தேர்வு ஒன்று இருந்தது. அதிகாரி பயணி போல நடப்பார். இவர் ஆங்கிலத்திலேயே வழிகாட்ட வேண்டும்.

"ஸ்டாப், வெயிட், ஸ்லோ. இந்த மூணு போதும்" என்றேன்.

மூன்றையும் என் வரவேற்பறைத் தரையில் தட்டிவிட்டார்.

"டேஞ்சர்?"

கொஞ்சம் யோசித்தார். "ஆறரை இருக்கும் சார்." அதுவும் தரைக்குப் போனது.

"யோவ், கார்டு வேணுமா வேண்டாமா?"

"சார், நீங்க ஆபீசரா இருந்தவுக. உங்ககிட்ட வந்துட்டுப் பொடிசோட திரும்புனா நாலு பேரு என்ன நெனைப்பாக?"

கடைசியில் ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லி அனுப்பினேன்: தமிழில் ஒரு சொல் வந்தாலும் தேர்வு போய்விடும்.

தேர்வு நாளன்று சாவடி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். என் முழங்கால் அதற்கு மேல் வராது. மாடிப்படியே ஏறக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பாதையின் முதல் வளைவு அங்கிருந்தே தெரியும். "வெல்கம் சார்! பனோரமிக் ஹாஸ்பிடாலிட்டி!" என்று எட்டு எம்.எம். ஆரம்பித்ததும் இளம் அதிகாரியின் முகம் மலர்ந்தது. எனக்கும் அரை நிமிடம் நம்பிக்கை இருந்தது.

வளைவில் பாசி பிடித்த பாறை ஒன்று சரிந்து கிடக்கும். அதற்கு அப்பால் பள்ளம். அதிகாரி செல்போனில் படம் எடுத்தபடி பள்ளத்தைப் பார்த்தே நடந்தார். எட்டு எம்.எம். வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. தமிழுக்குத் தடை. வேண்டிய ஆங்கிலமோ என் வீட்டுத் தரையில் கிடந்தது. மனிதர் ஓடிப்போய்ப் பாதையின் குறுக்கே விழுந்து, அதிகாரியின் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அதிகாரி அந்தப் பழுதான முதுகின் மேலேயே உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடி மட்டும் பள்ளத்துக்குப் போனது.

"எட்டண்ணே, ஆபீசருக்கு அங்கயே அக்காமடேஷனா?" என்று டீக்கடைக்காரர் கத்தினார்.

அதிகாரியின் குறிப்பு ஒரே வரி: ‘விண்ணப்பதாரர் பேசுவதில்லை, பயணியின் நடமாட்டத்தைத் தடுக்கிறார்.’

மேல்முறையீடு செய்தேன். பயணி பள்ளத்தில் விழாமல் பார்ப்பதே வழிகாட்டியின் முதல் கடமை என்று பிரிவு சொல்லி எழுதினேன். நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். தகவல் உரிமையில் கேட்டேன். முப்பது நாள் விதி ஒரு மழைக்காலத்தை விழுங்கி அடுத்ததற்கும் வாயைத் திறந்தது. எட்டு எம்.எம். தினமும் முதல் பஸ்ஸில் போய்ச் சாவடிக்கு இந்தப் பக்கம் குந்தியிருந்தார். மற்றவர்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் எதையும் வாங்குவதுமில்லை, தட்டிவிடுவதுமில்லை.

ஒருவழியாகப் பதில் வந்தது. உறையைப் பிரிக்கும்போதே வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்ன சார் போட்டிருக்கு? வெரசாச் சொல்லுங்க."

"அனுமதி குடுத்திருக்கான். ஒரு நிபந்தனை. நீ மேல போறப்பல்லாம் இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தர் கூடவே வரணுமாம்."

தெருவை ஒரு சுற்று பார்த்தார். பிறகு என் முழங்காலைப் பார்த்தார்.

"வேண்டாம் சார். அந்த ஏத்தம் உங்களுக்கு ஆகாது." இறங்கிப் போனவர், வாசல்படியில் நின்று திரும்பினார். வலது கை மூடியிருந்தது. "ஸ்லோ... ஸ்லோவாப் போனா ஆகுமா சார்?"

பதில் வந்த தேதி தை பத்து. கடைவீதியில் நான் கான்வாஸ் ஷூ வாங்கியதும் அதே தேதிதான்.