எட்டுத் தூண்களும் ஒரு மூட்டைச் சுண்ணாம்பும்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு எங்கள் நகர்நலச் சங்கத்தில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. நான் சிவில் இன்ஜினீயரிங் பட்டதாரி, சங்கத் தலைவர். மாநில எல்லையான ஜூஜுவாடிவரை என்னிடம் காட்டாமல் எவரும் மதில்கூட எழுப்பியதில்லை. அத்தகைய என்னை ஒரு மூட்டைச் சுண்ணாம்புத் தூளால் நிறுத்திய மனிதர் இவ்வுலகில் ஒருவரே. ‘ஃபுல்சைஸ்’ என்றுதான் அவரை அழைப்போம்.

தொழிற்சாலை டூல்ரூமில் கருவிகளின் அளவைச் சரிபார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் வரைந்த எதையும் நம்பமாட்டார்; முழு அளவில் செய்து பார்த்தால்தான் நம்புவார். மகள் திருமணப் பந்தியை முந்தின நாளே வெற்று இலைபோட்டு நடத்திப் பார்த்தார். நாங்களும் உட்கார்ந்து, இல்லாத சாம்பாரைப் பிசைந்தோம்.

எங்கள் பொது மனையில் பொழுதுபோக்கு மையம் கட்ட நான் வரைபடம் தயாரித்தேன். கூடத்துக்குள் எட்டுத் தூண்கள். அவையே என் பெருமை. ஞாயிறன்று பொதுக்குழு அதை ஏற்காவிட்டால், வேலை பெங்களூரு ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம் போய்விடும்.

அன்று காலை மனைக்குப் போனால், என் மையம் முழு அளவில் வெள்ளைக் கோடுகளாகத் தரையில் கிடந்தது. தூண்களுக்குப் பதில் எட்டு உறுப்பினர்களை நிறுத்தியிருந்தார் ஃபுல்சைஸ். குறுக்கே நடந்த என்னைத் தடுத்தார்.

“சார், அது சொவுரு. வாசல் அந்தாண்ட.”

சுற்றிச் சென்று நுழைந்தேன். நடுவில் டேபிள் டென்னிஸ் மேசை. மட்டையை எடுத்து, பந்தை ஓங்கி அடிக்கப் பின்வாங்கியதும் மளிகைக்கடை ராஜண்ணா மீது மோதினேன். அவர் ஐந்தாம் தூண்.

“சாரு இடிக்கிறாரு. நகரட்டாண்ணா?”

“தூணு பேசாது ராஜண்ணா,” என்றார் ஃபுல்சைஸ்.

கூட்டம் சிரித்தது. யாரோ ஆர்க்கிடெக்டின் தொலைபேசி எண்ணைக் கேட்டது என் காதில் விழுந்தது. நான் வெளியேறினேன்.

ராஜினாமாக் கடிதம் வரும் என்று எதிர்பார்த்தார்களாம். ஒரு மணி நேரத்தில் கணக்குத் தாளோடு நான்தான் வந்தேன். கூரையைத் தாங்கும் உத்தரங்களின் ஆழத்தைக் கூட்டினால் கூடத்துக்குள் தூணே வேண்டாம்.

“தூணெல்லாம் சுவரோரமாப் போங்க,” என்று ஆணையிட்டேன்.

எட்டுத் தூண்களும் நடந்தன. மீண்டும் ஓங்கி அடித்தேன், பின்னால் யாருமில்லை. பழைய குறிகளைச் செருப்பால் தேய்த்து அழித்தபடி ஃபுல்சைஸ் சொன்னார்: “இப்பதான் சார் இது கட்டடம்.”

ஒப்புதலுக்குத் தூண்கள் உட்பட அனைவரும் கை தூக்கினர். இன்று எந்த ஷிஃப்ட் முடிந்து வருவோருக்கும் அங்கே ஆட இடமுண்டு. மாலைகளில் எனக்கு எதிரில் நின்று ஆடுபவர் ஃபுல்சைஸ்தான். அவர் வராத நாளில் நான் மட்டையைத் தொடுவதில்லை.

அன்று நான் கோபத்தில் சுவரை மிதித்துக்கொண்டு வெளியேறியதாக நகரில் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. அவர் காட்டிய வாசல் வழியாகத்தான் போனேன்.