நூற்றுக்கு நூறு வாங்கிய அமைச்சர்

மணற்படுகை நாட்டுக்கும் அக்கரை நாட்டுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆற்றுக்கு ஒரே ஓர் அணை. அதன் மதகை எந்தப் பக்கம் திறப்பது என்ற பொறுப்பை இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஒரு கயிற்றிடம் ஒப்படைத்திருந்தன. ஆடி முதல் நாள் ஆற்றின் குறுக்கே பக்கத்துக்கு எட்டுப் பேர் கயிறு இழுப்பார்கள். ஜெயித்த பக்கத்துக்கு அந்த வருஷத்துத் தண்ணீர். வெட்டுக்குத்துக்கு இது எவ்வளவோ தேவலை என்று இரு கரையிலும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

மணற்படுகை அணி தொடர்ந்து நான்கு வருஷம் தோற்றது. ஒவ்வொரு முறையும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் அளவில்தான் தோற்றது. ஆனால் சாண் போனாலும் தண்ணீர் முழுவதும் போனது. அணியைச் சீரமைக்க, கனகசபேசர் என்பவரை மன்னர் கயிற்றமைச்சர் ஆக்கினார். அவர் வாழ்நாளில் கயிற்றைத் தொட்டதில்லை. விருப்பு வெறுப்பின்றிச் செயல்பட அதுவே தகுதி என்றது அரசாணை.

வந்த வேகத்தில் அவர் இழுத்துப் பழகிய எட்டுப் பேரையும் அக்கரைக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு எட்டுக் கைக்குழந்தைகளை வாங்கி வந்தார். "அவர்கள் நான்கு முறை தோற்றவர்கள். இவர்களோ இன்னும் ஒருமுறைகூடத் தோற்காதவர்கள்" என்று சபையில் விளக்கினார். சபை கைதட்டியது. அக்கரையில் அந்தக் குழந்தைகளின் தாய்மாரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

கொடுக்கப்பட்ட எட்டுப் பேரில் கடைசி ஆள் சிங்காரவேலு. கயிற்று நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு குதிகாலை ஊன்றி நிற்பவன். அவன் மனைவி தையல்நாயகி அரசின் எடைக்கல் முத்திரை ஆய்வாளர். ஒரு குன்றிமணி குறைந்த கல்லுக்குக்கூட அவள் முத்திரை வைத்ததில்லை. அரண்மனைச் சமையற்கட்டின் எடைக்கல்லையே ஒருமுறை செல்லாது என்று தூக்கி வீசியவள்.

பிறகு ஆணைகள் வரிசையாக வந்தன. எதிர்கால வீரர்களுக்காக மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் தினம் ஒரு படி பால் தர வேண்டும் என்றார்கள். ஊர்ப் பிள்ளைகள் வரக்காப்பி குடித்தன. இழுக்கும் இடத்தில் கால் வழுக்குகிறது என்று ஏரிக்கரை மண்ணை வெட்டி அங்கே கொட்டினார்கள். அடுத்த மழையில் கரை உடைந்து, ஏரியில் கிடந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரும் போயிற்று. ஆடி வந்தது. அரண்மனைக் குமாஸ்தாக்கள் எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்தார்கள். எதிர்ப்பக்கம் நின்றவர்கள் மணற்படுகை கொடுத்த அந்த எட்டுப் பேர்தான். குமாஸ்தாக்கள் ஆற்றுக்குள்ளேயே போய் விழுந்தார்கள். 'எதிர்பார்த்ததைவிட விரைவான முடிவு' என்று அரசிதழ் பாராட்டியது.

மூன்று ஆடிகள் இப்படியே போயின. மூன்றாண்டுக்கு ஒருமுறை அமைச்சரின் செயல்திறனை வேறு துறை ஆள் ஒருவர் மதிப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும் என்பது பழைய சட்டம். அந்த வேலை இப்போது தையல்நாயகியின் தலையில் வந்து விழுந்தது. முன்பு பால் அமைச்சரை மதிப்பிட்டு 'தோல்வி' என்று எழுதியவரைக் கடலே இல்லாத நாட்டில் கலங்கரை விளக்கக் காவலுக்கு அனுப்பியிருந்தார்கள். சாலை அமைச்சரை 'அபாரம்' என்று எழுதியவர் வீட்டுக்கு ஊர்க் கிணற்றில் இன்றுவரை யாரும் வாளி கொடுப்பதில்லை.

ஆடிக்கு ஒரு மாதம் இருந்தது. கனகசபேசரே அவளை எதிர்கால வீரர் பாசறைக்கு அழைத்துப் போனார். எட்டுக் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரு துண்டுக் கயிறு கிடந்தது. ஒன்று அதைக் கடித்துக்கொண்டிருந்தது.

"பற்களின் பிடிமானத்தைக் கவனியுங்கள், ஆய்வாளர் அவர்களே."

"கவனிச்சேங்க. இந்த ஆடிக்கு யாரு இழுப்பாங்க?"

"இந்த ஆடியைப் பற்றிக் கேட்பது குறுகிய பார்வை. என் திட்டம் பதினெட்டு ஆண்டுத் திட்டம்."

"அதுவரைக்கும் சனங்க எதைக் குடிப்பாங்க?"

"நம்பிக்கையை" என்றார் அமைச்சர், கண் இமைக்காமல்.

அவள் வீட்டுக்கு வந்து தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வரியும் ஓடவில்லை. உள்ளதை எழுதினால் கலங்கரை விளக்கம். பொய் எழுதினால் அவள் முத்திரையே பொய். எதை எழுதினாலும் மதகு திறக்கப்போவதில்லை, புருஷன் திரும்பப்போவதும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. மூன்று வருஷத்தில் அன்றுதான் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை வாசலில் அக்கரைத் தூதர் நின்றார். பட்டு அங்கவஸ்திரம், கையில் மணற்படுகை அரசிதழ்.

"எங்க ராசாவுக்கு மூணு வருசமா ஜெயிச்சும் தூக்கமில்லீங்கம்மா" என்றார். "உங்ககிட்ட பதினெட்டு வருசத் திட்டம் இருக்கு, எங்ககிட்ட ஒரு மண்ணும் இல்லைங்கிறாரு. கனகசபேசரை எங்களுக்குக் கேக்கச் சொன்னாரு. ஆனா அரசிதழை நம்பமாட்டாரு. உங்க முத்திரை இருந்தா நம்புவாரு. மனுசன் நிஜமாவே அவ்வளவு பெரிய ஆளா?"

தையல்நாயகி அவரை உட்காரச் சொன்னாள். மோர் கேட்டார். பால் எல்லாம் பாசறைக்குப் போவதால் மோர் இல்லை என்று தண்ணீர் கொடுத்தாள்.

"பதிலுக்கு என்ன தருவீங்க?"

"ஆளுதான், எத்தனை பேர்னாலும் சரி. யாரைக் கேட்டாலும் தரச் சொல்லியிருக்காரு."

அவள் தாளை எடுத்தாள். இப்போது வரி ஓடியது. 'கனகசபேசர் பதவிக்கு வந்தது முதல் அக்கரை நாடு ஒருமுறையும் தோற்றதில்லை. அக்கரை நாட்டுக்கு இவரைப்போல் நன்மை செய்தவர் இதுவரை எவருமில்லை. நூற்றுக்கு நூறு.' இரண்டு முறை படித்துப் பார்த்தாள். ஒரு குன்றிமணி குறையவில்லை. முத்திரையை அழுத்தி வைத்து, பதிலுக்குச் சிங்காரவேலுவையும் மற்ற ஏழு பேரையும் கேட்டாள்.

தூதருக்கு முகமெல்லாம் பல். மன்னர் எந்த அறிக்கையிலும் கடைசி வரியைத்தான் படிப்பார் என்பதால் அரண்மனையிலும் சந்தோஷம். ஓர் அமைச்சருக்கு எட்டுப் பேர் என்றதும், தம் ஆளின் மதிப்பை நினைத்து மன்னருக்குப் பெருமை தாங்கவில்லை. கனகசபேசர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தம் எதிர்கால வீரர்கள் எட்டுப் பேரும் தம்மோடு வர வேண்டுமாம். யாரும் மறுக்கவில்லை.

இரண்டு படகுகள் நடு ஆற்றில் ஒன்றையொன்று கடந்தன. போன படகில் மாலையும் கழுத்துமாக அமைச்சர், பதினொரு பெட்டிகள், எட்டுக் குழந்தைகள். எதிர்க்கரையில் எட்டுத் தாய்மார் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்து நின்றிருந்தார்கள். வந்த படகிலிருந்து சிங்காரவேலு குதித்து இறங்கினான். தையல்நாயகிக்கு மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் அன்று இறங்கியது.

"இளைச்சிட்டீங்க" என்றாள்.

"அங்க சோத்துக்கு ஒண்ணும் குறைவில்ல. ஒவ்வொரு ஆடிக்கும் நம்ம ஊரு மதகை நானே இழுத்து மூடுற மாதிரி இருந்துச்சு. உள்ள இறங்கல."

ஆடி முதல் நாள் வந்தது. அக்கரையில் கனகசபேசர் அதற்குள் சீரமைப்பை முடித்திருந்தார். பழைய ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தூதர் உட்பட எட்டு அதிகாரிகளைக் கயிற்றில் நிறுத்தியிருந்தார். கயிறு இறுகியது தெரிந்தது. அப்புறம் அங்கவஸ்திரம் ஆற்றில் மிதந்தது தெரிந்தது. மதகு இந்தப் பக்கம் திறந்தது. வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தபோது யாரும் கைதட்டவில்லை. குனிந்து ஆளுக்கு இரண்டு கை அள்ளிக் குடித்தார்கள்.

மூன்று வருஷம் தண்ணீர் தடையில்லாமல் வந்தது. ஒருநாள் அந்தத் தூதரே மறுபடி தையல்நாயகியின் வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். கையில் ஓர் அறிக்கை.

"மணற்படுகை நாட்டுக்கு இவரைப்போல் நன்மை செய்தவர் எவருமில்லை" என்று அவரே படித்துக் காட்டினார். "நூத்துக்கு நூறும்மா. பதிலுக்கு ஒண்ணும் வேண்டாம். சும்மாவே தர்றோம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தூதரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். இந்த முறை மோர் இருந்தது. பெரிய செம்பு நிறையக் கொடுத்துவிட்டு, "எங்களுக்கு வேண்டாங்க. ஆத்தோட மேல போங்க, யாராச்சும் தேடிக்கிட்டிருப்பாங்க" என்றாள். முத்திரை மட்டும் வைத்துக் கொடுத்தாள். எழுதியிருந்ததில் பொய் ஒன்றும் இல்லையே.

கனகசபேசர் அதற்குப் பிறகு எந்தெந்த நாட்டுக்குப் போனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. போன மாதம் நம் ஊர்ப் பக்கம் ஒருவர் மாலையும் கழுத்துமாக வந்து இறங்கினார் என்கிறார்கள். கூடவே பதினொரு பெட்டிகள். நூற்றுக்கு நூறு வாங்கியவராம்.