அம்மாவின் தொண்டையும் அத்தையின் கேக்கும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

இங்கு அப்பாவும் நானும் நலம், அம்மா முக்கால்வாசி நலம். நீங்கள் நலமாகவும் கோபமாகவும் இருப்பதாக அப்பா சொன்னார். நடந்த எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன்; எழுதிய ஒரு வரியைக்கூட அடிக்க மாட்டேன்.

உங்கள் பிறந்தநாளில், நீங்களே செய்த கேக்கை அம்மா ஒரு வாய் வைத்ததும் கண் பிதுங்கிக் குளியலறைக்கு ஓடினார்களே, "என் கைப்பக்குவம் அண்ணிக்கு இறங்கலையாக்கும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் இரண்டு மாதமாகப் போன் செய்யவில்லை. அத்தை, மூன்று வருடமாகவே அம்மாவுக்கு எதுவும் சரியாக இறங்கவில்லை. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத்தான் விழுங்குவார்கள். அப்பா, "உங்கம்மா ஒரு தட்டு முடிக்கிறதுக்குள்ள நான் ஆபீஸ் போயிட்டு வந்துடலாம், எல்லாம் நடிப்பு" என்பார். மாடிப்படியில் பாதியில் அம்மா உட்கார்ந்தால் அதுவும் நடிப்பு. ஆனால் ஃபிரிட்ஜில் ஐஸ் தட்டு எப்போதும் காலியாக இருந்ததை மட்டும் அப்பா நடிப்பு என்று சொல்லவில்லை, மூன்று முறை மெக்கானிக்கை வரவழைத்தார். மூன்றாம் முறை அவர், "சார், பெட்டி நல்லாத்தான் ஓடுது. யாரோ ஐஸை மெல்லுறாங்க. மேடம் முகம் காகிதமா வெளுத்திருக்கு, முதல்ல அவங்களை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். அம்மா, "தினம் ரெண்டு தட்டுதான்" என்று ஒப்புக்கொண்டார்கள்.

டாக்டரம்மா அம்மாவின் இமையை இழுத்துப் பார்த்து, "மூணு வருஷமா ஏன் வரலை?" என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். ரத்தத்தில் இரும்புச்சத்து மிகக் குறைவாம், உணவுக்குழாயின் மேல்பகுதியில் மெல்லிய சவ்வு குறுக்கே வளர்ந்திருக்கிறதாம், இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமாம், ஐஸ் மெல்லும் ஆசைகூட ரத்தசோகையால்தானாம். குழாய் விட்டுச் சவ்வை விரித்து, இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அன்றிலிருந்து அப்பா உங்களைத் தவிர எல்லோருக்கும் போன் செய்து, "எல்லாருக்கும் வராது தெரியுமில்ல?" என்கிறார், ஏதோ பரிசு வாங்கியதுபோல.

ஆகவே குற்றம் சவ்வினுடையது, கேக்கினுடையது அல்ல. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அம்மா நீங்களா என்று எட்டிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து பேசுங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு முத்தம், உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: ஆதாரம் இல்லாமல் எழுதக்கூடாது என்று, போன வருடம் நீங்கள் எழுதிக் கொடுத்த குறிப்பின்படி, கரண்டிக்குக் கரண்டி அளந்து, இன்று அதே கேக்கைச் செய்தேன். அம்மா முதலில் காய்ந்த ரொட்டி இரண்டு துண்டுகளைத் தண்ணீர் இல்லாமலேயே விழுங்கிக் காட்டினார்கள். பிறகு கேக். தொண்டையிலேயே நின்றுவிட்டது. அப்பா சாப்பிட்டார், அவருக்கும் நின்றுவிட்டது. எனக்கும். மூவருக்கும் சவ்வு இருக்குமோ என்று பயந்து நான் அழ, அம்மா தண்ணீர்ச் செம்போடு சிரித்தார்கள், மூன்று வருடத்தில் அப்படிச் சிரித்ததே இல்லை. "அடியே, இதை எழுதித் தொலைச்சிடாதே, பேனாவைக் கீழே வை" என்கிறார்கள். அடிக்க மாட்டேன் என்று மேலே வாக்குக் கொடுத்துவிட்டேனே என்றேன். விளக்கை அணைத்துவிட்டார்க