காப்பிப்பூத் தேனும் ஏற்காட்டுக் கிறிஸ்துமஸும்

மச்சானின் குட்டை உடைப்பது என்று தீர்மானித்தேன்.

என் மனைவி ஜோசஃபினின் தம்பி ஆஷ்லி, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் சூப்பர்வைசர். காக்ஸ் டவுனில் இருக்கும் எங்களுக்கு ஒரு பாட்டில் தேன் அனுப்பியிருந்தான். அசல் காப்பிப்பூத் தேனாம்.

“உன் தம்பி காதுல பூ சுத்துறான் ஜோசி. காப்பிப் பூவே கிடையாது இதுல.”

“எப்படிங்க தெரியும்?”

“லேப்ல குடுத்தா தேனே சொல்லும். சந்திரன் இருக்கான்ல?”

“சரி. காப்பித் தேன்னா கிறிஸ்துமஸுக்கு ஏற்காடு. இல்லன்னா வேலூர், உங்கம்மா வீடு.”

“டன்!”

அடுக்களைக்குள் போய், மருந்து பாட்டில் ஒன்றில் தேனை ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

பள்ளித் தோழன் சந்திரனுக்குத் தேன் பரிசோதிக்கும் லேபில் வேலை. தேனை வெந்நீரில் கரைத்தான். மெஷினில் போட்டுச் சுழற்றினான். அடியில் தங்கிய துளி வண்டலைக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தான்.

“பாரு.”

பார்த்தேன். திறந்த வாய் மூடவில்லை. முக்கோணங்கள், படகுகள், உடம்பெல்லாம் முள் முளைத்த பந்துகள். ஒரு சொட்டுக்குள் தேர்த் திருவிழாக் கூட்டம்!

“எல்லாம் மகரந்தம். முள்ளு பந்து சூரியகாந்தி. முக்கோணம் யூகலிப்டஸ். படகு தென்னை. தேனீ உக்காந்த பூவெல்லாம் இதுல இருக்கும். இது மலைத் தேனே இல்ல. அத்திபெலே, ஓசூர் பக்கம்னு நினைக்கிறேன்.”

“காப்பி?”

“மருந்துக்குக்கூட இல்ல.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேற்று சாயங்காலம் எங்கே போனீர்கள் என்று ஜோசஃபின் கேட்டால் எனக்கே உளறுகிறது. இத்தனூண்டு பூச்சி, எப்போதோ பறந்த ஊரை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறதே! மச்சானை மறந்துவிட்டேன். திரும்பத் திரும்பக் குனிந்தேன். கடைசியில் சந்திரன்தான் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

வீட்டுக்கு ஓடினேன். ஜோசஃபின் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ரிசீவரோடு நிமிர்ந்தாள்.

“அற்புதம் ஜோசி! சொட்டுக்குள்ள ஊரே தெரியுது! அத்திபெலே தேன்!”

“அப்படியா! தப்பா இருக்காதே?”

“சான்ஸே இல்ல. சயின்ஸ்!”

“அப்போ மலைத் தேன்னு அனுப்புனவங்க?”

“பக்கா ஃபிராடு!”

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

“ஃபிராடு! நம்பர் ஒன் ஃபிராடு!”

அவள் ரிசீவரைக் காதில் வைத்தாள். “கேட்டீங்களா அத்தை? நீங்க அனுப்பின ஜவ்வாது மலைத் தேனைத்தான் சொல்றாரு.”

என்னிடம் நீட்டினாள்.

“ஏண்டா ரெமி,” என்றாள் வேலூரிலிருந்து அம்மா, “நான் ஃபிராடாடா?”

எதையோ உளறிச் சமாளித்தேன். ஒருவழியாக ரிசீவரை வைத்தேன்.

“ஆஷ்லி பாட்டிலை இன்னும் திறக்கவே இல்லங்க,” என்றாள் ஜோசஃபின் சாந்தமாக. “அதையும் லேப்ல குடுக்கலாமா? இல்ல, கிறிஸ்துமஸுக்கு வேலூர் போயி உங்கம்மாவைப் பாக்கறீங்களா?”

நான் பீரோவைத் திறந்து, ஏற்காட்டுக் குளிருக்கு ஸ்வெட்டர் தேட ஆரம்பித்தேன்.