ரோமாபுரியில் ஒரு வேடியப்பன்

கல்லைக் கண்டால் கை சும்மா இராத ஆள் நான். வேப்பனப்பள்ளிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இது சகஜம். வயலோரம் ஈட்டி பிடித்த வீரன் செதுக்கிய கல் நின்றால், அவர் வேடியப்பன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர்வோம். (எந்தக் காலத்துக் கல் என்று கேட்க மாட்டோம். சாமியிடம் ஆதார் கேட்பதா?)

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி இத்தாலியில் ஒரு மெஷின் வாங்கியது. அதை ஓட்டப் பழகிவர என்னை அனுப்பினார்கள். ஒழுங்காகப் பழகி வந்தால் சூப்பர்வைசர் பதவி, வம்பு இழுத்தால் பழையபடி நைட் ஷிப்ட்.

போன இடம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குட்டி கிராமம். ஊருக்கு வெளியே ரோமானியர் காலத்து இடிபாடுகள். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். உடைந்த தூண்களுக்கு நடுவே, குதிரை மேல் ஈட்டியோடு ஒரு வீரன் செதுக்கிய கல். சாட்சாத் எங்கள் வேடியப்பன். பொட்டில்லை, பூவில்லை, அனாதையாக நின்றார். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. (நம் கோவிலில் கயிறு என்றால் வரிசைதானே?) குனிந்து உள்ளே போனேன். மனைவி சுமதி மடித்துக் கொடுத்திருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் பாட்டில் தண்ணீரில் குழைத்து, குதிரைக்கும் சேர்த்தே பொட்டு வைத்தேன்.

கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால், எதிரே காவல்கார அம்மாள். இத்தாலிய மொழியில் கத்த ஆரம்பித்தார். திறந்த வாய் மூடவே இல்லை. என் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்து (விடுமுறையிலும் கழற்றவில்லை, வெளிநாட்டில் ஒரு கெத்து) தொழிற்சாலைக்குப் போன் போட்டார். எனக்குப் பயிற்சி தரும் மார்க்கோ பறந்து வந்தார். இவர் பாழாக்கவில்லை, மரியாதை செய்திருக்கிறார் என்று வெகுநேரம் கெஞ்சினார். என் பதவி அந்த இடிபாடுகளோடு சேர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அந்த அம்மாள் ஒரு வாளித் தண்ணீரும் மெல்லிய பிரஷும் கொண்டுவந்து வைத்து, துடை என்று சைகை காட்டினார். அவர் விரல் காட்டிய இடமெல்லாம், பொழுது சாயும்வரை துடைத்தேன்.

அறைக்கு வந்ததும் சுமதிக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன்.

"அப்ப அபிஷேகமும் நீங்களே பண்ணிட்டீங்களா?"

"ஏம்மா, வேலையே போயிருக்கும்."

"அதெல்லாம் போவாது. சாமிய குளிப்பாட்டி உட்டிருக்கீங்க, அது பாத்துக்கும்."

பார்த்துக்கொண்டது. புகார் எழவில்லை, பதவியும் வந்தது. ஆனால் மார்க்கோ வழியாக விஷயம் மெஷினுக்கு முன்பே ஓசூர் வந்து இறங்கிவிட்டது. கம்பெனியில் நான் இப்போது 'ரோமாபுரி பூசாரி'. வீட்டில் இன்னும் மோசம். கிருஷ்ணகிரி பஸ்ஸில் போகும்போதெல்லாம், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் என் மகள் குரல் கொடுப்பாள்.

"அம்மா, மைல்கல்லு வருது. அப்பா கைய புடிச்சுக்கோ."

சுமதியும் சிரிக்காமல் பிடித்துக்கொள்வாள்.