நோயாளிக்கு விசா இல்லை

அன்பு மகனுக்கு, அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மருமகளும், நாங்கள் இன்னும் தொட்டுப் பார்க்காத பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். தானும் சுகம் என்று உன் அம்மா எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். போனில் இவ்வளவையும் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் கடிதம்.

விசா என்னாச்சு என்று கேட்டாய். முதல் தடவை, அதிகாரி மனம் இளகட்டும் என்று, "சார், இவளுக்கு டாக்டரே கையை விரிச்சுட்டாரு, கடைசியா ஒரு தடவை பேத்தியைப் பாக்கணும்" என்று உண்மையைச் சொல்லி அழுதேன். வைத்தியத்துக்காக அங்கேயே தங்கிவிடுவாள் என்று தள்ளிவிட்டார். சரி, நோயாளி என்றால்தானே ஆகாது என்று, அடுத்த தடவை உன் அம்மாவுக்கு முகம் நிறையப் பவுடர் பூசி, இளைத்த தோள் தெரியாமலிருக்க ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துத் தைத்து (தையல்காரனான எனக்கு இதுகூடவா வராது?) கூட்டிக்கொண்டு போனேன். உடம்பு எப்படி என்று அவர் கேட்க, இவள், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்"னுட்டா. பாவி மனுஷன் பழைய காகிதத்தைப் புரட்டினார். போன தடவை சாகக்கிடந்தவங்க இப்போ எப்படிக் கல்லானாங்கன்னு கேட்டார். பொய்த் தகவல் தந்தோமாம், இனி அஞ்சு வருஷத்துக்கு விசாவே கேட்கக்கூடாதாம். டாக்டர் இவளுக்கு அஞ்சு மாசம்கூடச் சொல்லலைடா! வெளியே வந்து இவ சிரிச்ச சிரிப்பிலே பஞ்சு ஒரு பக்கமா இறங்கிப்போச்சு.

விசா கிடைக்காட்டா நீயே புறப்பட்டு வர்றேங்கிறே. புத்தி இருக்கா? உன்னை மாதிரி அனுமதி முடிஞ்சும் அங்கேயே தங்கின ஆள் வெளியே கால் வெச்சா, பத்து வருஷம் உள்ளே விடமாட்டாங்கன்னு நீதானே சொன்னே? மருமக கைக்குழந்தையோட தனியா என்ன பண்ணுவா? "நான் செத்தாலும் அவன் வரக்கூடாது, எழுதுங்க"ன்னு உன் அம்மா கட்டில்லேர்ந்தே சத்தம் போடுறா. எழுதிவிட்டேன். படித்தும் காட்டிவிட்டேன்.

மருமகளுக்கு எங்கள் ஆசி. பேத்தி கன்னத்தில் எங்களுக்காக ஒரு முத்தம் கொடு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். தூக்கத்தில் உன்னைத்தான் கூப்பிடுகிறாள். வர வேண்டாம் என்று மேலே எழுதியதெல்லாம் அவள் பேச்சு. மருமகளும் குழந்தையும் என்னை மன்னிக்கட்டும். வந்துடுடா.