பதினேழாம் எண் ஆசாமி

மூன்று சர்வர்களிலும் இப்போது ஓடுவது எந்த அமைப்பு என்று மேலாளர் அம்மா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இணையதளத்தில் டிக்கெட் எடுக்க வருகிறவர்களை முப்பது விநாடியில் வெளியே தள்ளும் பழையதா, அறுபது விநாடி பொறுக்கும் புதியதா?

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தலைமை நிர்வாகி மூன்று முறை அறுபது வைத்தார். பத்தே நிமிடத்தில் முப்பதாகிவிட்டது.

"யாரோ கை வைக்கிறாங்க மேடம். யாருன்னும் தெரியும்."

கண்ணாடிக்கு அப்பால் அவருடைய உதவியாளர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அதுவே போதுமான சாட்சியாகப் பட்டது.

"நாலு மணிக்குள்ள ஆதாரம் கொண்டாங்க, அவளை அனுப்பிடலாம். இல்லேன்னா உங்களைப் பத்திப் பேசுவோம்."

முதலில் அவளுடைய பாஸ்வேர்டைப் பிடுங்கினார். மறுபடி முப்பது. கூட்டாளி இருக்கிறான் என்று எல்லோருடையதையும் பிடுங்கினார். அலுவலகமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அப்போதும் முப்பது. கடைசியில் சர்வர் அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

ஏசி மெக்கானிக் வந்தான். "உள்ள சூடேறுது சார். திறங்க."

"யார் உன்னை அனுப்பினா?"

"நீங்கதானே சார் போன் பண்ணீங்க."

"என் பேரைச் சொல்லி வேற யாராவது பேசியிருந்தா?"

மெக்கானிக் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். மூன்றரை மணிக்குச் சூடு தாங்காமல் ஒரு சர்வர் படுத்துவிட்டது. மற்ற இரண்டும் முப்பதை விடவில்லை.

உதவியாளர் எழுந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது. "எனக்கு இந்த வேலை வேணும் சார். மாத்தினது யாருன்னு பதிவுல இருக்குமே, அதையாவது பாருங்க."

"பதிவையும் நீ மாத்தியிருந்தா?"

ஆனாலும் பார்த்தார். அவர் மாற்றிய ஒவ்வொரு தடவையும் பின்னாலேயே வந்து திருப்பி வைத்திருந்தது பதினேழாம் எண் கணக்கு. அவளுடையது ஒன்பது. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

நாலு மணிக்கு மேலாளர் அறையில், கணக்கு எண்கள் வழங்கும் குமாஸ்தாவை நோட்டுடன் வரவழைத்தார்கள்.

"பதினேழு யாருய்யா? இன்னிக்கே அவன் சீட்டைக் கிழிக்கணும்," என்றார் தலைமை நிர்வாகி.

குமாஸ்தா விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"ஆள் இல்ல சார், புரோகிராம். போன வருஷம் நீங்க எழுதிக் கொடுத்துப் போட வெச்சது. யார் மாத்தினாலும், நீங்களே மாத்தினாலும், பத்து நிமிஷத்துல பழையபடி ஆக்கிடணுமாம். காரணம்னு கேட்ட இடத்துல, 'என் பேர்ல வேற யாராவது வந்தா?'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."